அடிப்படை ஆண்டுக்கு ஒரு நல்ல துணை: ஜி.எச்.ஜி. புரோட்டோகால் விதிநூலும் அதன் இலவச எக்செல் தாள்களும்

ஆடை வாங்கும் ஐரோப்பிய பையர்களிடமிருந்து திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரும் கேள்விப் படிவங்களில், கார்பன் குறைப்பு இலக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்கும் கட்டம் இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் 30 என்றோ 50 என்றோ எழுதி அனுப்புவது எளிது. ஆனால் எந்த ஆண்டின் எந்த அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கப் போகிறோம் என்பதற்குக் கையில் கணக்கு இல்லாவிட்டால், சில ஆண்டுகள் கழித்துச் சரிபார்க்க வரும் தணிக்கையாளர் முன்னால் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. இலக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடிப்படை ஆண்டின் உமிழ்வைக் கணக்கிட்டு, எழுதி, ஆவணங்களோடு பூட்டி வைக்க வேண்டும். பின்னலாடைத் தொழிலில் இந்தக் கணக்குகளோடு நாள்தோறும் பழகுபவன் என்ற முறையில், அந்த வேலைக்குப் பயன்படும் ஒரு சேவையைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்பது, பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வைக் கணக்கிட, உலக வள நிறுவனமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து உருவாக்கிய கணக்கு விதிகளின் தொகுப்பு. நிறுவனங்களுக்கான அதன் முதன்மை விதிநூல் 2001-இல் வெளிவந்து 2004-இல் திருத்தப்பட்டது. சப்ளை செயின் உமிழ்வுக்கான ஸ்கோப் 3 விதிநூல் 2011-இலும், வாங்கும் மின்சாரத்தைக் கணக்கிடுவதற்கான வழிகாட்டி 2015-இலும் வந்தன. இவற்றோடு எரிபொருள், வாகனம், மின்சாரம், குளிர்சாதன வாயு ஆகியவற்றுக்கான எக்செல் தாள்களும் அதன் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. விலையில்லாத பொருள் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு கார்பன் கணக்கு போட்டுத் தரும் மென்பொருள்களில் பெரும்பாலானவையும் இந்த விதிகளின் மேல்தான் நிற்கின்றன.

விதிநூலின் அத்தியாய வரிசையே எனக்குப் பிடித்த முதல் விஷயம். நிறுவன எல்லை மூன்றாம் அத்தியாயத்திலும், எந்தெந்த உமிழ்வு எந்த ஸ்கோப்பில் வரும் (நிறுவனமே எரிக்கும் எரிபொருளும் கசியவிடும் வாயுவும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, சப்ளை செயினில் மற்றவர்கள் வெளியிடுவது ஸ்கோப் 3) என்பது நான்காம் அத்தியாயத்திலும், அடிப்படை ஆண்டு ஐந்தாம் அத்தியாயத்திலும் பேசப்படுகின்றன. இலக்கு நிர்ணயம் வருவது பதினோராம் அத்தியாயத்தில்தான். இடையில் உமிழ்வைக் கணக்கிடுவது, கணக்கின் தரத்தைக் காப்பது, அறிக்கை எழுதுவது, சரிபார்ப்பது என்று எல்லாம் முடிந்த பிறகே இலக்குக்கு வருகிறார்கள். நம் ஊரில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பையர் இலக்கு கேட்கிறார், மேலாளர் ஓர் எண் சொல்கிறார், அந்த எண்ணுக்கு ஏற்ற அடிப்படை ஆண்டைக் கணக்குப் பிரிவு பிறகு தேடுகிறது. விதிநூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் ஒருவர் இந்தத் தவறுக்குள் போகவே மாட்டார்.

எல்லை பற்றிய அத்தியாயத்தைத் திருப்பூர்க்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பங்கு விகிதப்படி கணக்கிடுவதா, நிதிக் கட்டுப்பாட்டின்படியா, இயக்கக் கட்டுப்பாட்டின்படியா என்று மூன்று வழிகளை அது தருகிறது. படிக்கும்போது சட்டப் பேச்சு போலத் தோன்றும் இந்தப் பகுதி, சாயப்பட்டறைக் கழிவுநீர் என்ற இடத்துக்கு வந்ததும் உயிர் பெற்றுவிடுகிறது. நொய்யல் மாசு வழக்கில் 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை இங்கே கட்டாயமாகிவிட்டது. அந்த முறையில் சவ்வூடு பரவல் வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் விழுங்கும் மின்சாரமும் நீராவியும் மிக அதிகம். ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளேயே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்தால் அந்த உமிழ்வு முழுவதும் அதன் ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கணக்கில் ஏறும். பக்கத்துத் தெருவில் அதே அளவு துணிக்குச் சாயம் போடும் இன்னொரு நிறுவனம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினராக இருந்து, இயக்கக் கட்டுப்பாட்டு வழியையும் (தான் நடத்தும் இடங்களை மட்டும் தன் கணக்கில் எடுப்பது) தேர்ந்தெடுத்தால், அதே உமிழ்வு அதன் ஸ்கோப் 3-க்குப் போய்விடும். அந்தப் பொது நிலையத்தை நடத்தும் கம்பெனியில் தனக்குள்ள பங்கின் அடிப்படையில் கணக்கிட முடிவு செய்தால், ஒரு பகுதி திரும்பத் தன் கணக்குக்கே வரும். மூன்றும் விதிப்படி சரியே. எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்பதை அடிப்படை ஆண்டிலேயே எழுதி வைத்து, பிறகு வசதிக்கு ஏற்ப மாற்றாமல் இருக்க வேண்டும் என்று விதிநூல் கறாராகச் சொல்கிறது. அந்தக் கறார்த்தன்மைதான் இந்தச் சேவையில் நமக்குக் கிடைக்கும் பெரிய உதவி என்பது என் கருத்து.

அடுத்து எந்த ஆண்டை எடுப்பது என்ற கேள்வி வருகிறது. சரிபார்க்கத்தக்க தரவு கையில் இருக்கும் ஆண்டாக இருக்க வேண்டும், அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை எழுத வேண்டும் என்பது விதி. ஓர் ஆண்டு இயல்புக்கு மாறானதாக இருந்தால், அடுத்தடுத்த சில ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளவும் அது அனுமதிக்கிறது. பின்னலாடைத் தொழிலுக்கு இந்த அனுமதி மிகவும் தேவையானது. 2020-21 ஊரடங்கில் தொடங்கிய ஆண்டு. 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்காவில் 50 விழுக்காடு வரி என்றானதும், அந்தச் சந்தையை நம்பியிருந்த நிறுவனங்களின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இப்படி இயந்திரங்கள் பாதி ஓடிய ஓர் ஆண்டை அடிப்படையாக எடுத்தால் தொடக்க அளவு செயற்கையாகத் தாழ்ந்துவிடும். ஆர்டர் திரும்பி வரும் ஆண்டிலேயே இலக்கு எட்டாக் கனியாகும். மிக அதிகமாக உற்பத்தி செய்த ஆண்டைத் தேடிப் பிடித்து அடிப்படையாக்குவதோ அதைவிடக் கெடுதல், ஏனென்றால் ஒன்றும் செய்யாமலேயே குறைப்புச் சாதனை வந்ததாகக் காட்டும் கணக்கு அது. உற்பத்தி சீராக இருந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியே நம் தொழிலுக்குப் பெரும்பாலும் நேர்மையான தொடக்கப் புள்ளி என்று நினைக்கிறேன்.

அந்த அடிப்படை ஆண்டிலேயே உற்பத்தி அளவையும் பதிவு செய்துகொள்வது நல்லது. மொத்த உமிழ்வை மட்டும் பார்த்தால் வளரும் நிறுவனத்தின் முயற்சி வெளியே தெரியாது. ஆனால் துணி எத்தனை கிலோ என்ற கணக்கில் அதை வைத்திருக்க வேண்டும். எத்தனை பீஸ் என்று வைத்தால், குழந்தைகள் பனியனும் குளிர்கால ஹூடியும் ஒரே எடையில் எண்ணப்படும் அபத்தம் நேரும்.

இனி எக்செல் தாள்களுக்கு வருவோம். பயன்படுத்த எளியவை, எரிபொருளின் பெயரையும் அளவையும் அலகையும் தேர்ந்தெடுத்தால் கணக்கு வந்துவிடுகிறது. டீசல் ஜெனரேட்டருக்கு இது முழுமையாகப் போதும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் மதிப்புகளின்படி ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு என்பதால், ஆண்டுக்கு 15,000 லிட்டர் எரித்தால் ஏறத்தாழ 40 டன். இங்கே கவனம் தேவைப்படுவது தாளில் இல்லை, ஸ்டோர் பதிவேட்டில்தான். வாங்கிய பில்களைக் கூட்டிப் போட்டால் போதாது. ஏப்ரல் 1 அன்று தொட்டியில் இருந்த இருப்பையும் மார்ச் 31 அன்று மீந்த இருப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் எரித்த அளவு கிடைக்கும்.

மின்சாரத்தில்தான் தாள்களை அப்படியே நம்பாமல் இருக்க வேண்டும். தாளில் ஏற்கெனவே உள்ள காரணிகள் (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்கள்) வெளிநாட்டு மூலங்களிலிருந்து வந்தவையாகவோ பழையவையாகவோ இருக்கலாம் என்பதால், நம் எண்ணை நாமே உள்ளிட வேண்டும். அந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு யூனிட்டுக்கு 2022-23-இல் 0.716 கிலோ, 2023-24-இல் 0.727 கிலோ. தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் இறுதியில் தேசியத் தொகுப்போடு இணைந்த பின் நாடு முழுமைக்கும் ஒரே காரணிதான் என்பதால், தமிழ்நாட்டில் காற்றாலை அதிகம் என்பதற்காக இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிற்கூடம் ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் மின்சாரம் பயன்படுத்துகிறது. 0.716 என்ற காரணியின்படி அதன் உமிழ்வு 1,432 டன். ஆணையத்தின் பழைய பதிப்புகளில் இருந்த 0.82 என்ற எண் இன்னும் பல அறிக்கைகளிலும் பழைய எக்செல் கோப்புகளிலும் உலவுகிறது. அதைப் போட்டால் 1,640 டன் வரும். அடிப்படை ஆண்டைப் பழைய எண்ணாலும் அடுத்த ஆண்டைப் புதிய எண்ணாலும் கணக்கிட்டுவிட்டால், ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் 208 டன், அதாவது கிட்டத்தட்ட 13 விழுக்காடு, குறைந்துவிட்டதாக அறிக்கை பேசும். அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த ஆண்டின் காரணி என்ற ஒழுங்கை எக்செல் தாள் தானாகச் செய்து தராது. கணக்கு எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணி எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்க ஒரு நெடுவரிசையைத் தாளில் கட்டாயமாக்கியிருந்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி வராது. இது இந்தக் கருவியின் உண்மையான குறை.

காற்றாலை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு 2015 வழிகாட்டி மிகத் தெளிவாக உதவுகிறது. ஸ்கோப் 2-ஐ இரண்டு விதமாகக் காட்டச் சொல்கிறது. ஒன்று, மின்தொகுப்பின் சராசரிக் காரணியை வைத்துப் போடும் இட அடிப்படைக் கணக்கு; இன்னொன்று, எந்த மூலத்திலிருந்து வாங்கினோம் என்ற ஒப்பந்தத்தை வைத்துப் போடும் சந்தை அடிப்படைக் கணக்கு. உடுமலைப் பக்கம் நிற்கும் சொந்தக் காற்றாலையின் மின்சாரத்தை வீலிங் முறையில், அதாவது மின்வாரியத்தின் கம்பிகள் வழியாக, தொழிற்கூடத்துக்குக் கொண்டுவருபவர், இரண்டாவது கணக்கில் அந்த யூனிட்டுகளைப் பூஜ்யமாகக் காட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழை வேறொருவருக்கு விற்றிருக்கக் கூடாது. சான்றிதழை விற்றுவிட்டுப் பசுமை மின்சாரம் என்றும் காட்டினால், ஒரே யூனிட் இரண்டு பேர் கணக்கில் பசுமையாகிவிடும். இலக்கு எந்தக் கணக்கின் மேல் வைக்கப்படுகிறது என்பதையும் அடிப்படை ஆண்டிலேயே சொல்லிவிட வேண்டும். இடையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் ஒப்பீடே உடைந்துவிடும்.

பாய்லர் விறகில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். விறகு மரத்திலிருந்து வருவது, ஆகவே உமிழ்வு இல்லை என்று கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது ஒரு பழக்கம். விதிநூல் அப்படிச் சொல்லவில்லை. விறகு எரிவதால் வரும் கரியமில வாயுவை ஸ்கோப்களுக்கு வெளியே தனி வரியாகக் காட்ட வேண்டும். அதோடு வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் ஸ்கோப் 1-இல் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 3,000 டன் விறகு எரிக்கும் ஒரு சாயப்பட்டறைக்கு ஐ.பி.சி.சி. இயல்பு மதிப்புகளின்படி கணக்கிட்டால், தனி வரியில் வரும் கரியமில வாயு சுமார் 5,240 டன். ஸ்கோப் 1-இல் சேரும் மற்ற இரண்டு வாயுக்களும் சேர்ந்து சுமார் 89 டன். மேலே சொன்ன 20 லட்சம் யூனிட் மின்சாரத்தின் 1,432 டன்னை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனி வரி என்று ஒதுக்கப்பட்டதன் பருமன் விளங்கும். அந்த விறகு எங்கிருந்து வருகிறது, வெட்டிய இடத்தில் மரம் திரும்ப வளர்கிறதா என்ற கேள்வியைக் கேட்க வைப்பதே அந்தத் தனி வரியின் பயன்.

விறகின் எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எடை மேடைச் சீட்டில் இருப்பது லாரியில் வந்த விறகின் ஈரத்தையும் சேர்த்த எடை. மழைக்காலத்தில் வரும் ஒரு டன் விறகும் கோடையில் வரும் ஒரு டன் விறகும் ஒரே வெப்பத்தைத் தருவதில்லை. ஐ.பி.சி.சி. இயல்பு மதிப்பு ஒரு டன்னுக்கு 15.6 கிகாஜூல் என்று எடுத்துக்கொள்கிறது. நன்றாக நனைந்த விறகு அந்த அளவுக்கு வராது. எக்செல் தாளில் நம் சொந்த வெப்ப மதிப்பை உள்ளிட இடம் உண்டு என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை விறகு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈரப்பதத்தையும் வெப்ப மதிப்பையும் எடுத்து வைத்தால் கணக்கு பன்மடங்கு உறுதியாகும். அதற்கான செலவு, விறகுக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஈரமான விறகுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

குளிர்சாதன வாயுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ.சி. சர்வீஸ் பில்லில் ‘கேஸ் நிரப்பியது’ என்று ஒரு வரியும் தொகையும் மட்டும் இருக்கும். எந்த வாயு, எத்தனை கிலோ என்பது இருக்காது. ஆர்-410ஏ வாயுவில் ஒரு கிலோ கசிந்தால் அது 1.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 700 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஈடு. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22, மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் ஸ்கோப்களுக்கு வெளியே தனியாகக் காட்டப்பட வேண்டியது. சர்வீஸ் செய்பவரிடம் வாயுவின் பெயரையும் எடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினை அன்றோடு தீர்ந்துவிடும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள மறுகணக்கு விதிகளை இந்த விதிநூலின் மிகச் சிறந்த பக்கங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினாலோ, தன் பிரிவு ஒன்றை விற்றாலோ, கணக்கு முறையை மாற்றினாலோ, பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாலோ, அடிப்படை ஆண்டின் எண்ணையே திருத்தி எழுத வேண்டும். உற்பத்தி இயல்பாகக் கூடினாலோ குறைந்தாலோ திருத்தக் கூடாது. எந்த அளவு மாற்றம் வந்தால் திருத்துவது என்ற வரம்பை நிறுவனமே முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். ஜாப் ஒர்க்கில் ஓடும் நம் ஊருக்கு இது நேராகப் பொருந்துகிறது. இதுவரை வெளியே கொடுத்துக்கொண்டிருந்த சாய வேலையைச் சொந்தப் பட்டறை கட்டி உள்ளே கொண்டுவந்தால், ஸ்கோப் 1 ஒரே ஆண்டில் பல மடங்கு ஏறும். இருந்த பட்டறையை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்தால் அதே வேகத்தில் இறங்கும். வானத்துக்குப் போகும் புகை இரண்டிலும் ஒன்றுதான். வெளியே கொடுத்த அந்த வேலையின் உமிழ்வை ஸ்கோப் 3-இல் ஏற்கெனவே காட்டிவந்திருந்தால் அடிப்படை ஆண்டைத் திருத்தத் தேவையில்லை, காட்டாதிருந்தால் திருத்த வேண்டும் என்று விதிநூல் பிரித்துச் சொல்வது மிகவும் நியாயமானது.

ஸ்கோப் 3 முழுவதையும் முதல் ஆண்டிலேயே துல்லியமாகப் போட முடியாது. பஞ்சு, நூல், சாயம், கப்பல் போக்குவரத்து என்று எல்லாவற்றுக்கும் தரவு வர ஆண்டுகள் ஆகும். பருத்தி நூலும் வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கும் எவ்வளவு பெரியவை என்ற தோராயமான அளவாவது தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும். சாலை, ரயில், விமானப் போக்குவரத்துக்கு, உலக வள நிறுவனத்தின் இந்தியக் கிளையும் எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் 2013-இல் தொடங்கிய இந்தியா ஜி.எச்.ஜி. திட்டம் உள்நாட்டுக் காரணிகளை 2015-இல் வெளியிட்டது. வெளிநாட்டு எண்களைவிட அவை நமக்கு நெருக்கமானவை.

விலை கொடுத்து வாங்கும் சேவைகளோடு ஒப்பிட்டால் இது எங்கே நிற்கிறது? மென்பொருள்களில் பில்களை அப்படியே ஏற்றி வைக்கலாம், யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்ற தடயம் இருக்கும், பல கிளைகளின் கணக்கைத் தானாகக் கூட்டித் தரும். எக்செல்லில் இவை எதுவும் இல்லை. ஒரு கட்டத்தில் விரல் தவறிப் பட்டால் எண் மாறிவிடும், மாறியது யாருக்கும் தெரியாது. ஐந்தாறு யூனிட்டுகளும் நூற்பாலையும் வைத்திருக்கும் குழுமங்கள் மென்பொருளுக்குப் போவது தவறில்லை. ஒன்றிரண்டு தொழிற்கூடங்கள் மட்டும் உள்ளவர்களுக்கு அந்தச் சந்தாச் செலவு தேவையில்லை என்பதே என் எண்ணம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பில் எண்ணை எழுதி, மாத வாரியாகக் கோப்பில் அடுக்கி, ஆண்டு முடிந்ததும் தாளைப் பூட்டிவிட்டால் போதும்.

ஆலோசகர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்களில் நல்லவர்கள் முதலில் மின்கட்டணப் பட்டியலையும் ஸ்டோர் பதிவேட்டையும் கேட்பார்கள். அழகான அறிக்கையை முதல் வாரமே தந்துவிட்டு எண்களின் மூலத்தைக் காட்ட மறுப்பவர்களிடம் அடிப்படை ஆண்டை ஒப்படைக்க வேண்டாம். கணக்கு நிறுவனத்துக்குள்ளேயே, அங்கு வேலை செய்யும் ஒருவர் கையால் எழுதப்பட வேண்டும். பணம் கையில் இருந்தால் அதைச் சரிபார்ப்புக்குச் செலவிடலாம், ஐ.எஸ்.ஓ. 14064-3 முறைப்படி சுதந்திரமான ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட அடிப்படை ஆண்டுக்குப் பையரிடம் உள்ள மதிப்பே வேறு.

இப்படி அடிப்படை உறுதியான பிறகு இலக்குக்கு வரலாம். பல பையர்கள், நிறுவனங்களின் இலக்குகள் காலநிலை அறிவியலுக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. அமைப்பின் முறையை எதிர்பார்க்கிறார்கள். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைக்கு, ஸ்கோப் 1, ஸ்கோப் 2 இரண்டையும் ஆண்டுக்கு 4.2 விழுக்காடு வீதம், அடிப்படை அளவிலிருந்து நேர்கோடாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் பொது வழி; 2020-ஐ அடிப்படையாகக் கொண்டால் 2030-இல் 42 விழுக்காடு. அடிப்படை ஆண்டு 2015-க்கு முந்தியதாக இருக்கக் கூடாது. மொத்தத்தில் ஸ்கோப் 3-இன் பங்கு 40 விழுக்காட்டை எட்டினால் அதற்கும் இலக்கு வேண்டும். அடிப்படை எண்ணில் 5 விழுக்காடு மாற்றம் வந்தால் மறுகணக்கு செய்ய வேண்டும் என்று, ஜி.எச்.ஜி. புரோட்டோகால் நிறுவனத்திடம் விட்டுவைத்த வரம்பை இது நிர்ணயித்துவிடுகிறது. விறகு எரிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஸ்கோப்களுக்கு வெளியே நின்ற அந்தத் தனி வரியையும் இலக்கின் எல்லைக்குள் கொண்டுவர எஸ்.பி.டி.ஐ. கேட்கிறது. 5,240 டன் என்ற வரியை அடிப்படை ஆண்டில் எழுதாமல் விட்டவர், இலக்குப் படிவத்தை நிரப்பும்போது முழுக் கணக்கையும் மறுபடி தொடங்க நேரிடும்.

நட்சத்திரங்களில் சொல்வதானால் விதிநூலுக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். எக்செல் தாள்களுக்கு மூன்றரை. ஆங்கிலத்தில் அடர்த்தியாக எழுதப்பட்டிருப்பதால், கணக்குப் பிரிவில் ஒருவரும் பாய்லர், மின்சாரம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால்தான் வேலை ஓடும்.

இதைத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. ஸ்கோப் 2 வழிகாட்டியின் திருத்த வரைவு 2025 அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. சந்தை அடிப்படைக் கணக்கில் பசுமை மின்சாரம் உற்பத்தியான மணியும் அது பயன்பட்ட மணியும் பொருந்த வேண்டும் என்பது அதில் உள்ள முக்கியமான முன்மொழிவு; சிறு நிறுவனங்களுக்கு விலக்கு தருவது பற்றியும் வரைவு பேசுகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும்போது உற்பத்தியாகி மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்த யூனிட்டை டிசம்பரில் எடுத்துப் பயன்படுத்தும் தமிழ்நாட்டு முறைக்கு இது நேரடிச் சவால். விதி எப்படி முடிவானாலும், உயரழுத்த மின்இணைப்பின் மீட்டரில் பதிவாகும் லோடு சர்வே தரவை அடிப்படை ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் இப்போதே இறக்கி, மின்கட்டணப் பட்டியல்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதங்களின் மணிவாரித் தரவு மீட்டரில் நெடுநாள் தங்குவதில்லை.